ரத்தம் கொடுத்தது யார்? சாவி யார் கையில்?

(மருத்துவ ஊழியர்களும் கல்லூரி மாணவர்களும் கலந்துகொண்ட அரசியல் வகுப்பில் நிகழ்த்திய உரை)



பஞ்சப்படி, போனஸ், நிலப் பட்டா, ரேஷன் அரிசி என்று பேசிப் பழகிய மேடையில் இன்று மரபணுத் தகவலைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். ‘இது படித்த டாக்டர்கள் விவாதிக்கவேண்டிய விஷயமல்லவா, நமக்கு இதில் என்ன வேலை?’ என்று சில தோழர்கள் மனதுக்குள் கேட்டுக்கொள்வது நமக்குத் தெரிகிறது. கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் இந்தத் தகவல் எங்கிருந்து வருகிறது? ஆலைத் தொழிலாளியும் விவசாயியும் மலைவாசியும் சர்க்கார் ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கிற தாயும் கொடுத்த ரத்தத்திலிருந்து வருகிறது. அதைச் சேகரித்துச் சோதிக்கும் செலவில் பெரும்பகுதி பொதுப்பணம். இப்படிச் சேர்ந்த சொத்தை எந்த ஆராய்ச்சியாளர் பார்க்கலாம், எந்த நிபந்தனையின்பேரில் பார்க்கலாம், யார் பார்க்கக்கூடாது என்பதற்கு உலகெங்கும் சட்டங்களும் விதிகளும் எழுதப்பட்டு வருகின்றன. நிலத்துக்குச் சட்டம் எழுதிய காலத்தில் உழுகிறவனைக் கேட்டுக்கொண்டா எழுதினார்கள்? அதன் பலனை மூன்று தலைமுறையாக அனுபவித்து வருகிறோம். எனவே இந்தச் சட்டம் எழுதப்படும்போதாவது பக்கத்தில் நின்று பார்ப்பது நம் கடமை.

முதலில் விஷயத்தைச் சுருக்கமாகப் புரிந்துகொள்வோம். மனித உடலின் செல்களுக்குள் ஒரு பெரிய ஏடு இருக்கிறது. நான்கே எழுத்துக்களால், ஏறத்தாழ 300 கோடி எழுத்து நீளத்துக்கு எழுதப்பட்ட ஏடு அது. உங்களுடைய ஏட்டுக்கும் நம்முடைய ஏட்டுக்கும் வித்தியாசம் மிகச் சொற்பம். அந்தச் சொற்ப வித்தியாசத்தில்தான் சிலருக்குச் சர்க்கரை வியாதி ஏன் சீக்கிரம் வருகிறது, ஒரே மருந்து ஒருவருக்குக் கேட்டு இன்னொருவருக்குக் கேட்காமல் போவது ஏன் என்பதற்கெல்லாம் துப்புக் கிடைக்கிறது. ஆனால் ஒருவருடைய ஏட்டைத் தனியாக வைத்துக்கொண்டு அதிகம் தெரிந்துகொள்ள முடியாது. ஆயிரக்கணக்கானவர்களுடைய ஏட்டை அருகருகே வைத்துப் பார்த்தால்தான் அர்த்தம் புலப்படும். ஆகையால் மரபணு ஆராய்ச்சி என்பது பிறவியிலேயே கூட்டு வேலை. இதன் மூலப்பொருள் தனிமனிதன் உற்பத்தி செய்யக்கூடியதல்ல. வெகுஜனங்கள் சேர்ந்து கொடுத்தால்தான் உண்டு. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

1990-ம் ஆண்டு மனித மரபணு ஏடு முழுவதையும் வாசிக்கும் சர்வதேசத் திட்டம் தொடங்கிற்று. அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான், பிரான்ஸ், ஜெர்மனி, சீனா ஆகிய நாடுகளின் விஞ்ஞானிகள் அதில் பங்குகொண்டார்கள். 1996 பிப்ரவரியில் இவர்களில் முக்கியமானவர்கள் பெர்முடா தீவில் கூடினார்கள். வாசித்த எழுத்து வரிசையை யாருக்கு, எப்போது காட்டுவது என்பது அங்கே எழுந்த கேள்வி. பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜான் சல்ஸ்டனும் அமெரிக்க விஞ்ஞானி ராபர்ட் வாட்டர்ஸ்டனும் முன்னின்று, வாசித்ததை 24 மணி நேரத்துக்குள் எல்லோரும் பார்க்கும்படி பொதுக் களஞ்சியத்தில் சேர்த்துவிடவேண்டும் என்று ஒப்புக்கொள்ள வைத்தார்கள். பேடண்ட் கேட்கக்கூடாது, கையில் வைத்துக்கொண்டு பேரம் பேசக்கூடாது. கட்டுரை எழுதிப் பெயர் வாங்கிய பிறகு தருகிறேன் என்ற பேச்சுக்கும் இடமில்லை. எந்தப் பார்லிமெண்டும் நிறைவேற்றிய சட்டமல்ல இது. வேலை செய்கிறவர்கள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட ஒப்பந்தம். இந்த விஷயத்தில் எழுதப்பட்ட விதிகளிலெல்லாம் மிகச் சிறந்தது இதுதான் என்று நாம் கருதுகிறோம். சல்ஸ்டனுக்குப் புழுக்களைப் பற்றிய வேறொரு ஆராய்ச்சிக்காக 2002-ல் நோபல் பரிசு கிடைத்தது. 2018-ல் மறையும்வரை மரபணு ஏடு மனித குலத்தின் பொதுச் சொத்து என்றே அவர் வாதாடி வந்தார்.

முதலாளித்துவம் சும்மா இருக்குமா? 1998-ல் ஸெலரா என்ற கம்பெனி அமெரிக்காவில் முளைத்தது. கிரெய்க் வெண்டர் என்ற கெட்டிக்கார விஞ்ஞானி அதன் தலைவர். சர்வதேசத் திட்டத்துக்கு முன்னாலேயே நாங்கள் முடித்துக் காட்டுகிறோம் என்று கிளம்பினார்கள். அவர்களுடைய கெட்டிக்காரத்தனத்தை நாம் குறைத்துச் சொல்லவில்லை. வேகமான முறையைக் கொண்டுவந்தார்கள், அது உண்மை. ஆனால் இன்னொரு உண்மையும் இருக்கிறது. பொதுத் திட்டத்தார் தினமும் களஞ்சியத்தில் சேர்த்துவந்த எழுத்து வரிசையைக் காசு கொடுக்காமல் எடுத்துத் தங்கள் வேலையோடு கலந்துகொண்டார்கள். தங்களுடையதைப் பொதுக் களஞ்சியத்துக்குக் கொடுக்கவேண்டும் என்றபோது மட்டும் கதவைச் சாத்தினார்கள். 2000 மார்ச் 14-ந் தேதி கிளிண்டனும் டோனி பிளேரும் சேர்ந்து, மரபணு எழுத்து வரிசை எல்லா விஞ்ஞானிகளுக்கும் தடையின்றிக் கிடைக்கவேண்டும் என்று ஒரு அறிக்கை விட்டார்கள். அந்த இருவரும் முதலாளித்துவத்தின் விரோதிகள் அல்ல. ஆனாலும் அன்றைக்கே இம்மாதிரிக் கம்பெனிகளின் பங்கு விலை சரிந்து விழுந்தது. பூட்டி வைப்பதில்தான் லாபம் இருக்கிறது என்பதைப் பங்கு மார்க்கெட்டே ஒப்புக்கொண்டுவிட்டது!

2001 பிப்ரவரியில் இரு தரப்பாரும் முடிவை வெளியிட்டார்கள். பொதுத் திட்டத்தின் ஏட்டை உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் எவரும் பார்க்கலாம். ஸெலராவின் ஏட்டைப் பார்க்க விதி போட்டார்கள். கல்லூரி ஆராய்ச்சியாளர் ஒப்பந்தத்துக்குச் சம்மதித்துவிட்டு வாரத்துக்குப் பத்து லட்சம் எழுத்துவரை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் வேண்டுமானால், வியாபாரத்துக்கு உபயோகிக்கமாட்டேன், பிறருக்குக் கொடுக்கமாட்டேன் என்று நிறுவனத்தின் கையெழுத்தோடு எழுதித் தரவேண்டும். கம்பெனிகளானால் காசு. வாரத்துக்குப் பத்து லட்சம் என்றால் 300 கோடியை எடுத்து முடிக்க எத்தனை காலம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தோம்: 57 வருஷத்துக்கு மேல்! ஆராய்ச்சி மாணவனாகச் சேர்ந்தவன் பென்ஷன் வாங்கிப் பல வருஷம் ஆன பிறகும் எடுத்துக்கொண்டிருப்பான்.

இந்தப் பூட்டினால் விஞ்ஞானத்துக்கு என்ன நஷ்டம்? இதையும் ஒருவர் அளந்து பார்த்திருக்கிறார். ஹைடி வில்லியம்ஸ் என்ற அமெரிக்கப் பொருளாதார ஆராய்ச்சியாளர் 2013-ல் வெளியிட்ட ஆய்வில், ஸெலராவின் கையில் சிறிது காலம் பூட்டிக் கிடந்த மரபணுக்களையும் ஆரம்பத்திலிருந்தே பொதுவில் இருந்த மரபணுக்களையும் ஒப்பிட்டார். பூட்டிக் கிடந்தவற்றின்மேல் பிற்பாடு நடந்த ஆராய்ச்சியும், அவற்றிலிருந்து உண்டான நோய்ப் பரிசோதனைகளும் 20-லிருந்து 30 சதவிகிதம் குறைவு என்று கண்டார். இரண்டே வருஷம் பூட்டிக் கிடந்தவைகூடப் பிற்பாடு திறந்துவிட்ட பின்பும் பின்தங்கியே இருந்தன. ஸெலரா 2005-ல் தன் ஏட்டைப் பொதுக் களஞ்சியத்தில் சேர்த்துவிட்டது. அதற்குள் பொதுத் திட்டம் முழு ஏட்டையும் முடித்துக் கொடுத்துவிட்டது. விலை கொடுத்து வாங்க எவருக்கும் அவசியமில்லாமல் போயிற்று. ‘லாபம் இல்லாவிட்டால் விஞ்ஞானம் வளராது’ என்று நம் நாட்டிலும் பல பெரியவர்கள் பேசுகிறார்கள். அவர்களுக்குக் காட்டவேண்டிய கணக்கு இது.

கதை இங்கே முடிந்துவிட்டால் நம் வேலை சுலபம். ‘எல்லாவற்றையும் திற!’ என்று கோஷம் போட்டுவிட்டுப் போய்விடலாம். நம் தோழர்களில் சிலர் இன்றும் அப்படித்தான் பேசுகிறார்கள். அது போதாது. ஏன் போதாது என்று பார்ப்போம்.

அமெரிக்காவின் அரிசோனா மாகாணத்தில் கிராண்ட் கேன்யன் என்ற மகா பள்ளத்தாக்கு இருக்கிறது. அதன் அடியில் ஹவாசுபாய் என்ற செவ்விந்தியப் பழங்குடியினர் ஏறத்தாழ 650 பேர் வாழ்கிறார்கள். சர்க்கரை வியாதி அவர்களை வாட்டி வந்தது. கால் இழந்தவர்கள் உண்டு, வைத்தியத்துக்காக ஊரை விட்டே போனவர்களும் உண்டு. 1990-லிருந்து அரிசோனா மாகாணப் பல்கலைக் கழகத்தார் வந்து, சர்க்கரை வியாதிக்குக் காரணம் கண்டுபிடிக்கிறோம் என்று ரத்தம் எடுத்தார்கள். ஜனங்கள் நம்பிக் கொடுத்தார்கள். சர்க்கரை வியாதிக்கும் மரபணுவுக்கும் அங்கே தொடர்பு பிடிபடவில்லை. ரத்தம் மட்டும் குளிர்ப்பெட்டியில் இருந்தது. ஒரு ஆராய்ச்சியாளர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போயிற்று. மனநோயைப் பற்றி ஆராய்ந்தார்கள். இந்தக் கூட்டத்தில் நெருங்கிய உறவுக்குள் மணம் எவ்வளவு என்று ஆராய்ந்தார்கள். இவர்களுடைய மூதாதையர் ஆசியாவிலிருந்து வந்தவர்கள் என்று கட்டுரை எழுதினார்கள். ஹவாசுபாய் மக்களோ தாங்கள் அந்தப் பள்ளத்தாக்கிலேயே தோன்றியவர்கள் என்று நம்புகிறவர்கள். அந்த நம்பிக்கையை ஆதாரமாக வைத்துத்தான் நிலத்தின்மேல் தங்களுக்குள்ள உரிமையைப் பேசுகிறவர்கள். 2003-ல்தான் விஷயம் அவர்களுக்குத் தெரியவந்தது. வழக்குப் போட்டார்கள். ‘படிவத்தில் நடத்தைக் கோளாறு, மருத்துவக் கோளாறு என்று பொதுவாகத்தானே எழுதியிருந்தது, நீங்கள் கையெழுத்துப் போட்டீர்களே’ என்று பதில் வந்தது. அவர்களில் பலருக்கு இங்கிலீஷ் இரண்டாவது பாஷை. கடைசியில் 2010 ஏப்ரலில் சமரசம் ஏற்பட்டது. 41 பேருக்கு ஏழு லட்சம் டாலர் கொடுத்து, மிச்சமிருந்த ரத்தத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

இங்கே கொள்ளையடித்தது கம்பெனியல்ல என்பதைக் கவனிக்கவேண்டும். பொதுப் பல்கலைக் கழகம். நல்ல எண்ணத்தோடு வந்த ஆராய்ச்சியாளர்கள். ‘விஞ்ஞானிகளுக்குள் தாராளமாகப் பகிர்ந்துகொள்வது’ என்ற அதே நல்ல வழக்கம்தான், கொடுத்தவனைக் கேட்காமல் நடந்தபோது இப்படி முடிந்தது.

பெயரை எடுத்துவிட்டால் போதாதா என்று கேட்கலாம். போதாது. பலருடைய மரபணுவை ஒன்றாகக் கலந்து சராசரிக் கணக்காக மட்டும் வெளியிட்டால்கூட, அந்தக் கூட்டத்தில் குறிப்பிட்ட ஒருவர் இருக்கிறாரா என்று கண்டுபிடிக்க முடியும் என்று 2008-ல் நிரூபித்தார்கள். உடனே அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் அதுவரை திறந்து வைத்திருந்த அம்மாதிரிக் கணக்குகளை உள்ளே எடுத்து வைத்தது. 2013 ஜனவரியில் இன்னொரு குழுவினர், பெயரில்லாமல் வெளியிட்டிருந்த ஆண்களின் மரபணு வரிசையையும் வம்சாவளி தேடுகிறவர்களின் பொதுப் பட்டியலையும் ஒப்பிட்டுக் குடும்பப் பெயரைக் கண்டுபிடித்து, ஏறத்தாழ 50 பேர் யார் யார் என்று அடையாளம் கண்டுவிட்டார்கள். கைரேகை ஒருவனைத்தான் காட்டிக்கொடுக்கும். மரபணு அவனோடு அவன் பிள்ளையையும் தங்கையையும் சேர்த்துக் காட்டிக்கொடுக்கும்.

எனவே ஒரு பூட்டு அவசியம் என்ற முடிவுக்கு வந்தார்கள். ‘கட்டுப்படுத்தப்பட்ட அணுகல்’ என்று அதற்குப் பெயர். நடைமுறை இதுதான்: ஆராய்ச்சியாளர் என்ன ஆராயப் போகிறார் என்று எழுதி விண்ணப்பிக்கவேண்டும். ஒரு கமிட்டி அதைப் பார்க்கும். ரத்தம் கொடுத்தவர் இருதய நோய் ஆராய்ச்சிக்கு மட்டும் என்று சொல்லிக் கொடுத்திருந்தால் வேறு காரியத்துக்குக் கிடைக்காது. ஆளை அடையாளம் காண முயலமாட்டேன், பிறருக்குக் கைமாற்றமாட்டேன், பாதுகாப்பாக வைப்பேன் என்று அவரும் கையெழுத்திடவேண்டும், அவர் வேலை செய்கிற நிறுவனமும் கையெழுத்திடவேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை கணக்குக் காட்டவேண்டும். இந்தப் பூட்டை நாம் எதிர்க்கவில்லை. ஸெலராவின் பூட்டு லாபத்துக்காகப் போட்டது. இது கொடுத்தவனின் மானத்துக்காகப் போட்டது. இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பது தவறு.

இதில் ஒரு நல்ல முன்மாதிரியும் உண்டு. ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற நீக்ரோ இனத் தாய், புகையிலைத் தோட்டத்தில் உழைத்து வளர்ந்தவர். 1951-ல் புற்றுநோய் கண்டு பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அவரைக் கேட்காமல் எடுத்த செல்கள் இன்றுவரை உலகத்தின் சோதனைச்சாலைகளிலெல்லாம் வளர்ந்துகொண்டிருக்கின்றன. 2013 மார்ச்சில் அந்தச் செல்லின் மரபணு ஏட்டையே ஜெர்மனியிலிருந்து வெளியிட்டுவிட்டார்கள். குடும்பத்தைக் கேட்கவில்லை. குடும்பத்தார் ஆட்சேபித்தார்கள். வெளியிட்டதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அந்த ஆகஸ்டில் ஒரு உடன்பாடு ஏற்பட்டது: விண்ணப்பித்தவருக்கே ஏடு கிடைக்கும், விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் குழுவில் லாக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த இருவர் உட்காருவார்கள். கொடுத்தவரின் வாரிசு கமிட்டியில் உட்கார்ந்ததால் விஞ்ஞானம் நின்றுவிடவில்லை. விண்ணப்பங்கள் வந்தன, அனுமதியும் கிடைத்தது. இந்த ஷரத்தை மறக்கவேண்டாம். பிற்பாடு இதற்கு வருவோம்.

பூட்டு சரி. சாவி யார் கையில்?

2025 ஏப்ரல் 4-ந் தேதி முதல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் ஒரு தடையை அமல்படுத்திற்று. ஹாங்காங், மக்காவ் உட்பட சீனா, ருஷ்யா, ஈரான், வட கொரியா, கியூபா, வெனிசுலா ஆகிய நாடுகளிலுள்ள நிறுவனங்களின் ஆராய்ச்சியாளர்களுக்கு இந்தக் கட்டுப்படுத்தப்பட்ட களஞ்சியங்களில் இடமில்லை. நான்கு நாள் கழித்து, 8-ந் தேதி, அவர்களுடைய நீதி இலாகாவின் விதியும் அமலுக்கு வந்தது. நூறு அமெரிக்கர்களுக்கு மேற்பட்டவர்களின் மரபணுத் தகவல் அந்த நாடுகளுக்குப் போகக்கூடாது என்றது.

கியூபாவை எடுத்துக்கொள்ளுங்கள். அறுபது வருஷத்துக்கு மேலாக முற்றுகைக்குள் கிடக்கிற சின்னத் தீவு. சர்க்கரை வியாதியால் காலில் புண் வந்து வெட்டவேண்டிய நிலையில் இருப்பவர்களுக்கு ‘ஹெபர்ப்ராட்-பி’ என்ற மருந்தைக் கண்டுபிடித்து உபயோகித்து வருகிற நாடு. கொரோனா காலத்தில் அப்தலா, சொபரானா என்று சொந்தத் தடுப்பூசி செய்து தன் ஜனங்களுக்குப் போட்ட நாடு. அங்கே ஒரு டாக்டர் குழந்தைகளின் புற்றுநோய் பற்றிய தகவலைப் பார்க்க விண்ணப்பித்தால், என்ன ஆராயப் போகிறார் என்று கமிட்டி பார்க்கவேண்டியதில்லை. எந்த நாடு என்று பார்த்தால் போதும்! ரத்தம் கொடுத்த அமெரிக்கத் தாய், ‘என் குழந்தைக்கு வந்த நோய் இன்னொரு குழந்தைக்கு வரவேண்டாம்’ என்றுதான் கொடுத்திருப்பாள். ‘கியூபாக் குழந்தை நீங்கலாக’ என்று அவள் எழுதிக் கொடுத்தாளா?

தேசப் பாதுகாப்புக்காகச் செய்தோம் என்கிறார்கள். அதை நாம் ஒரேயடியாகத் தள்ளிவிடவில்லை. ஒரு நாட்டு ஜனங்களின் மரபணுத் தகவல் தவறான கையில் சிக்கினால் கேடு உண்டு. சீனாவும் 2019-லிருந்து கடுமையான விதி வைத்திருக்கிறது. அந்நியர்கள் சீன நிறுவனத்தோடு சேர்ந்தும் அனுமதி பெற்றும்தான் அங்கே ஆராய முடியும். ஆனால் அமெரிக்க ஜனங்களின் தகவலைக் காப்பாற்றுவதுதான் நோக்கமென்றால், அதே 2025-ல், அதே நாட்டில் நடந்த இன்னொரு காட்சியையும் பார்க்கவேண்டும். எச்சிலை எடுத்துச் சோதித்து வம்சாவளி சொல்கிற ‘23 அண்ட் மி’ என்ற கம்பெனி மார்ச் மாதத்தில் திவாலாயிற்று. ஏறத்தாழ ஒன்றரைக் கோடிப் பேருடைய மரபணுத் தகவல் அதன் கையில். திவால் கோர்ட்டில் மேஜை நாற்காலியைப் போல அதுவும் ஏலத்துக்கு வந்தது! ஒரு மருந்துக் கம்பெனி 25 கோடியே 60 லட்சம் டாலருக்குக் கேட்டது. இருபதுக்கு மேற்பட்ட மாகாண சர்க்கார்கள் ஆட்சேபித்துக் கோர்ட்டுக்குப் போயின. முடிவில் கம்பெனியை ஸ்தாபித்தவர்களில் ஒருவரான அம்மாளின் புதிய ஸ்தாபனமே 30 கோடியே 50 லட்சம் டாலருக்கு எடுத்துக்கொண்டது. ஹவானாவிலிருக்கும் டாக்டர் பார்க்கக்கூடாது, ஏலத்தில் அதிக விலை கேட்பவர் வாங்கிக்கொள்ளலாம் - இதற்குப் பாதுகாப்பு என்று பெயர்.

ஏழை நாடுகளுக்கு இதில் இன்னொரு கசப்பான அனுபவமும் உண்டு. நோய்க்கிருமிக்கும் மரபணு உண்டு. அதையும் பகிர்ந்துகொண்டால்தான் தடுப்பூசி செய்ய முடியும். பறவைக் காய்ச்சலால் இந்தோனேஷியாவில் ஜனங்கள் செத்துக்கொண்டிருந்த சமயம். அந்நாடு உலக சுகாதார ஸ்தாபனத்துக்குக் கொடுத்த கிருமியை வைத்து ஆஸ்திரேலியக் கம்பெனி ஒன்று தடுப்பூசி தயாரிக்கிறது என்று தெரியவந்தது. அதை விலைகொடுத்து வாங்க இந்தோனேஷியாவுக்கு வகையில்லை. சுகாதார மந்திரி சித்தி ஃபதிலா சுபாரி, இனிக் கிருமியைத் தரமாட்டோம் என்று நிறுத்தினார். உலகத்தை ஆபத்தில் தள்ளுகிறார் என்று பணக்கார நாட்டுப் பத்திரிகைகள் வசைமாரி பொழிந்தன. ஆனால் அந்த நிர்ப்பந்தத்தின் பயனாகத்தான் 2011-ல் ஒரு சர்வதேச ஏற்பாடு உண்டாயிற்று: கிருமியை உபயோகிக்கிற கம்பெனிகள் பணமும் தடுப்பூசியில் ஒரு பங்கும் கொடுக்கவேண்டும். செடி, பூச்சி, நுண்ணுயிர்களின் மரபணுத் தகவலை உபயோகித்து லாபம் பார்க்கிற கம்பெனிகளுக்காகவும் ஒரு நிதி ஏற்பட்டிருக்கிறது. கொலம்பியாவின் காலி நகரத்து மாநாட்டில் முடிவாகி 2025 பிப்ரவரியில் தொடங்கிய நிதி அது. லாபத்தில் நூற்றுக்கு ஒன்று, அல்லது வருமானத்தில் ஆயிரத்துக்கு ஒன்று என்று அளவு சொன்னார்கள். ஆனால் கட்டாயமில்லை! முதலாளி மனமிரங்கிக் கொடுத்தால் உண்டு. தொழிலாளியின் வருங்கால வைப்பு நிதியை இப்படி ‘மனமிருந்தால் கட்டலாம்’ என்று வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நம் தோழர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம்.

2020-ல் மத்திய சர்க்காரின் உயிரித் தொழில்நுட்ப இலாகா ‘ஜீனோம் இந்தியா’ என்ற திட்டத்தைத் தொடங்கிற்று. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும், பழங்குடியினர் உட்படப் பல சமூகங்களிலிருந்தும் ரத்தம் வாங்கி, பத்தாயிரம் பேருடைய முழு ஏட்டையும் வாசித்தார்கள். இருபது நிறுவனங்கள் சேர்ந்து செய்தன, சென்னை ஐ.ஐ.டி.யும் அதில் ஒன்று. நல்ல காரியம் என்று தயங்காமல் சொல்லுகிறோம். உலகத்துக் களஞ்சியங்களில் நிறைந்திருப்பது பெரும்பாலும் ஐரோப்பிய வம்சத்தாருடைய ஏடுகள். அதை வைத்துச் செய்த பரிசோதனை நம் ஜனங்களுக்குப் பல சமயம் சரியாகப் பொருந்துவதில்லை. இந்த ஏடுகள் ஃபரீதாபாதிலுள்ள இந்திய உயிரியல் தகவல் மையத்தில் இருக்கின்றன. 2025 ஜனவரி 9-ந் தேதி ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிட்டோம் என்று பிரகடனம் செய்தார்கள். விண்ணப்பித்து அனுமதி பெற்றுப் பார்க்கவேண்டும்.

எந்த விதியின்படி அனுமதி? 2021-ல் வெளியிட்ட ‘பயோடெக்-பிரைட்’ என்ற வழிகாட்டு நெறிகளும், அதன் கீழ் வந்த தகவல் பரிமாற்ற நெறிமுறைகளும்தான். வழிகாட்டு நெறி என்றால் என்ன? ஒரு இலாகா எழுதுவது, அதே இலாகா மாற்றுவது. பார்லிமெண்டில் விவாதமில்லை, ஓட்டெடுப்பில்லை. மீறினால் தண்டனை என்று சொல்லுகிற சட்டமில்லை. இன்றைய அதிகாரிகள் நல்லவர்களாகவே இருக்கட்டும். நாளைக்கு ஒரு சுற்றறிக்கையில் ‘கூட்டு முயற்சி’ என்ற பெயரில் ஏகபோக மருந்துக் கம்பெனிக்குத் தனிக் கதவு திறந்தால் தடுக்க என்ன ஆதாரம்? ரத்தம் கொடுத்த பழங்குடி கோர்ட்டுக்குப் போனால் எந்த ஷரத்தைக் காட்டுவான்?

தனிமனிதத் தகவலுக்கென்று 2023-ல் ஒரு சட்டம் வந்ததே என்று வக்கீல் நண்பர்கள் சொல்லலாம். அந்தச் சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். 2019-ல் பார்லிமெண்டில் வைத்த மசோதாவில் மரபணுத் தகவல் தனிப் பாதுகாப்புக்குரியது என்று பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருந்தது. அந்த மசோதாவை வாபஸ் வாங்கிவிட்டு, பிறகு கொண்டுவந்த சட்டத்தில் அந்தத் தனிப் பிரிவே காணோம். செல்போன் நம்பருக்கு என்ன பாதுகாப்போ அதுவே மரபணுவுக்கும். போதாக்குறைக்கு, 17-வது பிரிவில் ஆராய்ச்சிக்கும் புள்ளிவிவரத்துக்கும் விலக்குக் கொடுத்திருக்கிறார்கள்: குறிப்பிட்ட ஆளைப் பற்றி முடிவெடுக்க உபயோகிக்காமலும், சர்க்கார் வகுத்த தரத்தை அனுசரித்தும் இருந்தால் போதும். ஆராய்ச்சிக்கு விலக்கு வேண்டாம் என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் ஹவாசுபாய் மக்களுக்கு நடந்தது தனி ஆளைப் பற்றிய முடிவா? இல்லையே! ஒரு சமூகத்தைப் பற்றி எழுதினார்கள். இந்த விலக்கின்படி அது குற்றமே ஆகாது. சாதியும் குலமும் இன்னும் மனிதனை அடிக்கிற நாட்டில், ‘இந்தச் சாதிக்கு இந்தப் புத்தி’ என்று எழுத ஒரு ‘விஞ்ஞானி’ கிடைக்கமாட்டானா? இந்த அபாயத்துக்குச் சட்டத்தில் மருந்தில்லை. சட்டத்தின் விதிகளே 2025 நவம்பரில்தான் வெளியாயின. முக்கியமான ஷரத்துகள் அமலாக அதற்குமேல் 18 மாதம் தவணை.

நாம் என்ன கேட்கிறோம்? மரபணுத் தகவலுக்கென்று பார்லிமெண்டில் தனிச் சட்டம் வேண்டும். அனுமதி கொடுக்கிற கமிட்டியில் ரத்தம் கொடுத்த சமூகங்களின் பிரதிநிதிகள் உட்காரவேண்டும். லாக்ஸ் குடும்பத்துக்குக் கிடைத்த இடம் நீலகிரியின் இருளருக்கும் ஒடிசாவின் கோந்துக்கும் ஏன் கிடைக்கக்கூடாது? யார் விண்ணப்பித்தார், எதற்காக, கொடுத்தார்களா மறுத்தார்களா என்ற பதிவு எல்லோரும் பார்க்கும்படி இருக்கவேண்டும். கம்பெனிகள் உபயோகித்தால், அதிலிருந்து வரும் மருந்தும் பரிசோதனையும் சர்க்கார் ஆஸ்பத்திரிகளுக்கு என்ன விலையில் வரும் என்பது அனுமதிப் பத்திரத்திலேயே எழுதப்படவேண்டும்; ‘மனமிருந்தால்’ என்ற பேச்சு உதவாது.

இத்தனை நிபந்தனை போட்டால் ஆராய்ச்சி நொண்டியடிக்காதா என்று இங்கே வந்திருக்கிற மாணவ நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான பயம். அனுமதிக்காக மாதக்கணக்கில் காத்திருப்பது எந்த ஆராய்ச்சியையும் கெடுக்கும். பெரிய நிறுவனத்துக்கு வக்கீல் இருப்பார். தென்காசியிலோ தும்காவிலோ ஒரு சர்க்கார் கல்லூரி ஆசிரியருக்கு யார் இருக்கிறார்கள்? எனவே கமிட்டிக்கும் கெடு வேண்டும். குறிப்பிட்ட நாளுக்குள் பதில் சொல்லவேண்டும், மறுத்தால் காரணத்தை எழுத்தில் கொடுக்கவேண்டும், பொதுக் கல்லூரிகளுக்குக் கட்டணம் கூடாது. பிரிட்டனில் ஐந்து லட்சம் பேர் தாமாக முன்வந்து ரத்தம் கொடுத்து உண்டான களஞ்சியத்தில், ஏழை நாட்டு ஆராய்ச்சியாளருக்குக் கட்டணத்தைக் குறைத்திருக்கிறார்கள். அதே இடத்தில், வாசிக்கும் செலவில் பங்குகொண்ட மருந்துக் கம்பெனிகள் மற்றவர்களுக்குச் சில மாதம் முன்னதாகவே ஏடுகளைப் பார்த்துக்கொண்டன என்பதையும் சொல்லவேண்டும். முதல் அம்சத்தை எடுத்துக்கொள்வோம், இரண்டாவதை விட்டுவிடுவோம்.

ஆஸ்பத்திரி ஊழியர் தோழர்களுக்கு ஒரு வேலை. ஆராய்ச்சிக்காக ரத்தம் எடுக்கும்போது நோயாளியிடம் ஒரு சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017-ல் வகுத்த நெறிகளின்படி அந்தப் படிவம் கொடுப்பவருக்குப் புரிகிற பாஷையில் இருக்கவேண்டும். சம்மதத்தை வாபஸ் வாங்கவும் அவருக்கு உரிமை உண்டு. நடைமுறையில் என்ன நடக்கிறது என்று உங்களுக்குத்தான் தெரியும். உங்கள் வார்டில் உபயோகிக்கிற படிவத்தில், பெயர் எழுதாத வெற்றுப் படிவம் ஒன்றை மட்டும், கேட்டு வாங்கி வாருங்கள். தகவல் எந்தக் களஞ்சியத்துக்குப் போகும் என்று எழுதியிருக்கிறதா, வேறு ஆராய்ச்சிக்குக் கொடுப்போம் என்ற வாசகம் எந்த மூலையில் இருக்கிறது, தமிழில் இருக்கிறதா, இருந்தால் அந்தத் தமிழ் யாருக்காவது புரியுமா என்று அடுத்த வகுப்பில் வரிவரியாகப் படித்துப் பார்ப்போம். கேள்விகளை எழுதி, மாநிலங்களவையிலும் மக்களவையிலும் இருக்கிற நம் தோழர்களுக்கு அதோடு சேர்த்து அனுப்புவோம்.